விளைவு என்றாலே கெட்டதுதானா?

கேள்வி: திருச்சி வாசகர் ஒருவர், 11 பிப்ரவரி 2024

பையன் பள்ளிக்கூடத்தில் ஒரு தாள் கொடுத்துவிட்டார்கள். மேலே கொட்டை எழுத்தில் 'கற்றல் விளைவுகள்' என்று தலைப்பு. என் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்துப் பார்த்துவிட்டு, "ஏன்டா, படிச்சா என்னென்ன கேடு வரும்னு போட்டிருக்கானா?" என்று கேட்டார். வீடே சிரித்தது. ஆனால் யோசித்தால் எனக்கும் அப்படித்தான் கேட்கிறது. அகராதியில் விளைவு என்றால் நல்லது கெட்டது இரண்டும்தான். பிறகு ஏன் காதுக்குக் கெட்டதாகவே விழுகிறது? இல்லை, எங்கள் வீட்டில் மட்டும்தானா?

11 பிப்ரவரி, இரவு 10.40

உங்கள் வீட்டில் மட்டுமில்லை. அம்மாவுக்குக் காது சரியாகத்தான் இருக்கிறது.

நல்லதையெல்லாம் வேறு சொற்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டன. கோயிலுக்குப் போனால், விரதம் இருந்தால், மருந்து வேலை செய்தால் அது பலன். பரீட்சைக்கும் தேர்தலுக்கும் முடிவு. வயலுக்கு விளைச்சல். கடைக்கு லாபம். இத்தனை பேர் பங்கு பிரித்த பிறகு மிச்சம் கிடந்த கசடு விளைவுக்கு வந்து சேர்ந்தது. பத்திரிகையில் அது தனியாக வருவதும் அபூர்வம். கடும் விளைவு, விபரீத விளைவு, மோசமான விளைவு என்று யாராவது ஒரு அடியாளைக் கூட்டிக்கொண்டுதான் வரும்.

கல்வித்துறைக்காரர்கள் அகராதியைப் பார்த்து எடுத்திருக்கிறார்கள், தெருவில் நின்று கேட்கவில்லை. 'கற்றல் பயன்கள்' என்று போட்டிருந்தால் பாட்டி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருப்பார்.

12 பிப்ரவரி, காலை

நேற்று தூக்கக் கலக்கத்தில் சுருக்கமாகச் சொல்லிவிட்டேன். இந்தச் சொல்லோடு எனக்குத் தொழில்முறைப் பழக்கம் உண்டு. தூத்துக்குடியில் வக்கீல் குமாஸ்தா. நோட்டீஸ் அடிப்பதே வேலை. எந்த நோட்டீஸாக இருந்தாலும் கடைசிப் பத்தி ஒன்றுதான்: 'தவறும் பட்சத்தில் தங்கள் மீது உரிய நீதிமன்றத்தில் நடவடிக்கை எடுக்கப்படும் என்பதையும், அதனால் ஏற்படும் சகல செலவுகளுக்கும் விளைவுகளுக்கும் தாங்களே முழுப் பொறுப்பு என்பதையும் இதன்மூலம் அறியவும்.' வாடகை பாக்கி, வேலித் தகராறு, கைமாற்று, எல்லாவற்றுக்கும் இதே வால். கண்ணை மூடிக்கொண்டு தட்டுவேன்.

ஒருமுறை மார்க்கெட்டில் மொத்தக் கடை வைத்திருக்கும் ஒருவர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். செக் திரும்பிப்போன விஷயத்தில் வேறொரு வக்கீல் அனுப்பிய நோட்டீஸ் கையில். நாலு பக்கம். மேலே 138-ஆம் பிரிவு, தொகை, வங்கி மெமோ தேதி எல்லாம் இருக்கிறது. அதில் எதையும் அவர் பார்க்கவில்லை. கடைசிப் பக்கத்தில், கடைசிப் பத்தியில், 'விளைவுகளுக்கும்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டு, "அண்ணாச்சி, விளைவுன்னு போட்டிருக்காம்லா, என்ன செய்வான்? ஆளை விட்டு அடிப்பானா?" என்கிறார். விரல் ஈரத்தில் அந்த இடத்தில் மை கலங்கிப்போயிருந்தது.

உட்கார வைத்துச் சொன்னேன். நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாளைக்குள் செக் தொகையைக் கொடுத்துவிட்டால் இந்தப் பிரிவில் வழக்கே கிடையாது. கொடுக்காவிட்டால், அதற்கப்புறம் ஒரு மாதத்துக்குள் அவன் கோர்ட்டில் புகார் போடணும். குற்றம் என்று தீர்ப்பானால் இரண்டு வருஷம் வரை ஜெயில், இல்லையென்றால் செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம், இல்லையென்றால் இரண்டுமே. ஜெயில் என்று சொன்னதும் ஆள் இன்னும் மிரளுவார் என்று நினைத்தேன். "அவ்வளவுதானா" என்று மூச்சு விட்டுவிட்டு, டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு வருஷ ஜெயில் 'அவ்வளவுதான்'. விளைவு என்ற மூன்றெழுத்துதான் ராத்திரி தூங்கவிடவில்லை.

12 பிப்ரவரி, மாலை

'பின்விளைவு' என்பதில் அந்தப் 'பின்' எதற்கு, எல்லா விளைவும் பின்னால்தானே வரும் என்று கேட்டவருக்கு: ஆமாம், எல்லா விளைவும் பின்னால்தான் வரும். முன்விளைவு என்று ஒன்றை யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள், நம்ம ஆபீஸில் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வோம். ஆனாலும் இந்தச் சொல்லுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஆபரேஷன் நடந்து ஆறு மாதம் கழித்து வருகிறதே, அதைச் சொல்ல வெறும் விளைவு போதாது. காலம் கடந்து வருவது என்ற அழுத்தம் அந்தப் 'பின்'னில் இருக்கிறது. தூக்கிப் போட வேண்டாம்.

15 பிப்ரவரி

நாலு நாளாக ஒரு வேலை செய்தேன். யாராவது வாய்ப்பேச்சில் விளைவு என்ற சொல்லைச் சொல்கிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தேன். கோர்ட் வளாகம், டீக்கடை, பஸ், மார்க்கெட், வீடு. ஒருத்தரும் சொல்லவில்லை. வக்கீல் கூட நோட்டீஸைச் சொல்லி அடிக்கச் சொல்லும்போது மட்டும்தான் சொல்கிறார். இறங்கி வந்து கட்சிக்காரரிடம் பேசும்போது, "கட்டாம விட்டா இழுத்துக்கிட்டே போகும், பாத்துக்கிடுங்க" என்கிறார்.

அப்படியென்றால் நாம் என்னதான் சொல்கிறோம்?

"வீட்டுக்கு வா, இருக்கு உனக்கு!"

தமிழ்நாட்டில் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை உண்டா? இதில் எழுவாயைத் தேடிப் பாருங்கள். என்ன இருக்கு? சொல்லவே இல்லை. அடி இருக்கா, திட்டு இருக்கா, ராத்திரிச் சோறு கிடையாதா? தெரியாது. 'இருக்கு' என்பது மட்டும் உறுதி.

இதே வரிசையில் இன்னும் நிறைய. "நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான்." எதை வாங்கினான்? எதைக் கட்டினான்? "பட்டாத்தான் புத்தி வரும்." எது பட்டால்? "அப்ப தெரியும்." என்ன தெரியும்? "செய்யி, செய்யி, பொறவு பாரு." எதைப் பார்க்க?

எல்லாமே வினைச்சொல். பெயர்ச்சொல் இருக்க வேண்டிய இடம் காலி. வாயால் பேசும் தமிழன் விளைவுக்குப் பெயர் வைப்பதே இல்லை என்று தோன்றுகிறது. பெயர் வைத்துவிட்டால் அளவு தெரிந்துவிடும், அளவு தெரிந்தால் மொத்தக் கடைக்காரர் மாதிரி டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

16 பிப்ரவரி

ஈரோட்டுக்காரர் ஒருவர் தங்கள் பக்கத்தில் "இரு இரு, உங்கொப்பன் வரட்டும்" என்பதே போதும் என்கிறார். இதில் வினையே முடியவில்லை. வந்து? அவ்வளவுதான், வரட்டும்! கோயம்புத்தூர் மரியாதையைக் காணோமே என்று கேட்காதீர்கள், அது அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு.

'அனுபவி'யை விட்டுவிட்டேனே என்று இன்னொருவர். விடவில்லை, அதற்குத் தனியாக இடம் வைத்திருந்தேன். கிரயப் பத்திரம் எழுதியவர்களுக்குத் தெரியும்: 'சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக் கொள்ள வேண்டியது.' அங்கே அனுபவிப்பது சுகம். தெருவில், "செஞ்சதுக்கு அனுபவிக்கிறான் பாரு" என்றால் நரகம். ஒரே சொல்தான். பத்திரம் எழுதி வாங்கிய நிலத்தில் பங்காளி கேஸ் போட்டு, இருபது வருஷம் கோர்ட்டுக்கு நடந்து, ஒருத்தர் ஒரே நிலத்தில் இரண்டு அர்த்தத்தையும் அனுபவித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

18 பிப்ரவரி, ஞாயிறு

இது கொஞ்சம் நீளும். மருந்து விஷயம்.

என் அம்மாவுக்கு ரத்த அழுத்தம். அம்லோடிபின் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடி காட்டப் போனோம். டாக்டர் சின்னப் பையன், நல்ல பையன். "மாத்திரையால பக்கவிளைவு ஏதும் இருக்காம்மா?" என்று கேட்டார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "அதெல்லாம் ஒண்ணுமில்லய்யா" என்றார். டாக்டர் எழுதப் போனார்.

எனக்கு அம்மாவின் காலைப் பார்த்ததும் உறுத்தியது. கொலுசு மாட்டுகிற இடத்தில் தோல் பளபளவென்று இருக்கிறது. செருப்பு வார் அச்சு அப்படியே பதிந்து கிடக்கிறது. விரலால் அமுக்கினால் குழி விழுந்து மெதுவாகத்தான் எழும்புகிறது. "கால் வீங்கியிருக்கே, சொல்லலையா?" என்றேன். "அது பக்கவிளைவா? அது மாத்திரைச் சூடுல்லா. இளநி குடிச்சா சரியாப் போயிரும்" என்றார்.

அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்குக் கணுக்கால் வீங்கும், எல்லா டாக்டருக்கும் தெரிந்ததுதான். ரத்த அழுத்தத்துக்கே கொடுக்கும் எனலாபிரில் மாத்திரையில் சிலருக்கு வறட்டு இருமல் வரும். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் தொடங்கின புதிதில் வயிறு கலங்கும். சளிக்குக் கொடுக்கும் சிபிஎம் மாத்திரையில் தூக்கம் சொக்கும். இவை எல்லாவற்றுக்கும் நம் வீடுகளில் சொல் இருக்கிறது: சூடு, ஒத்துக்கலை, சேரலை, வயிறு ஒரு மாதிரி இருக்கு, அசத்துது. பக்கவிளைவு என்ற சொல் மட்டும் இல்லை. அம்மாவைப் பொறுத்தவரை பக்கவிளைவு என்பது பேப்பரில் வருகிற, கிட்னி போகிற மாதிரியான பெரிய சமாச்சாரம். கால் வீக்கத்தைப் போய் அப்படிச் சொல்வாளா?

டாக்டர் உடனே பேனாவை வைத்துவிட்டுக் காலைப் பார்த்து மருந்தை மாற்றினார். மாற்றிய பிறகு வீக்கம் வடிந்தது. பெரிசாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 'கால் வீங்குதா, இருமல் இருக்கா, தலை சுத்துதா' என்று உறுப்பு உறுப்பாகக் கேட்டிருந்தால் அம்மா கையோடு சொல்லியிருப்பார்.

வீட்டில் பெரியவர்கள் இருக்கிறவர்கள் அந்தச் சொல்லைப் போட்டுக் கேட்காதீர்கள். "மாத்திரை ஒத்துக்கிடுதா?" என்று கேளுங்கள், பத்து நிமிஷத்துக்குக் கதை வரும். கேட்டதை டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். மருந்தால் வரும் தொந்தரவுகளைப் பதிவு செய்ய மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 முதல் இருக்கிறது. டாக்டர் மட்டுமில்லை, நோயாளியே சொல்லலாம்.

18 பிப்ரவரி, கொஞ்ச நேரம் கழித்து

நாட்டு மருந்து விளம்பரத்தில் 'பக்கவிளைவுகள் அற்றது' என்று போடுகிறார்களே என்று கேட்டால்: வேலை செய்கிற மருந்துக்கு ஏதாவது ஒரு பக்கம் இருக்கத்தான் செய்யும். சித்த வைத்தியத்தில் பத்தியம் என்று ஒன்று ஏன் வைத்தார்கள்? புளி சேர்க்காதே, நல்லெண்ணெய் தொடாதே என்று வைத்தியர் சொல்கிறாரே, அவருக்குத் தெரியும். விளம்பரம் எழுதுகிறவருக்குத்தான் தெரியாது.

20 பிப்ரவரி

'விளைவிக்கும்' என்பதைக் கவனித்தீர்களா? தீங்கு விளைவிக்கும், சேதம் விளைவிக்கும், இடையூறு விளைவிக்கும், கலகம் விளைவிக்கும். எஃப்ஐஆரில் 'பொதுச்சொத்துக்குச் சேதம் விளைவித்து' என்று வராத ஆர்ப்பாட்ட வழக்கே கிடையாது. 'மகிழ்ச்சி விளைவித்த குற்றத்துக்காக' என்று யாரும் யார் மேலும் புகார் கொடுத்ததில்லை.

ஆனால் இதே சொல் எங்கள் ஊரில் வெள்ளையாக, சுத்தமாக இருக்கிறது. அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். உப்பு 'தயாரிக்கிறோம்' என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. உப்பு விளையுது என்பார். பாத்தியை மிதித்துக் கெட்டியாக்கி, தண்ணீரைப் பாய்ச்சிவிட்டு, வெயிலுக்கு விட்டுவிட வேண்டியதுதான். தண்ணியின் டிகிரி, அதாவது உப்பின் அடர்த்தி, ஏறிக்கொண்டே வரும். 25 டிகிரிப் பக்கம் வந்ததும் மேலே மெல்லிசாக ஏடு கட்டி, அடியில் உப்பு படிய ஆரம்பிக்கும். 29-ஐத் தாண்ட விட்டால் கசப்பு சேர்ந்துவிடும், அதற்குள் அந்தத் தண்ணியைத் தள்ளிவிட வேண்டும். ஆள் செய்வது பாதிதான். மீதியை வெயிலும் காற்றும் செய்யும். அவசரப்படுத்த முடியாது. இடையில் ஒரு மழை விழுந்தால் எல்லாம் கரைந்தது.

'விளை'க்கு உண்மையான அர்த்தம் அதுதான் என்று எனக்குத் தோன்றும். நாம் ஒன்றைச் செய்துவிட்டு விலகி நிற்கிறோம், அது தன்பாட்டுக்கு முற்றிக்கொண்டிருக்கிறது. தேங்காய்க் கடையில் "நல்லா வெளஞ்ச காயா பாத்துக் குடுங்க" என்கிறோமே, அதே முற்றுதல்தான்.

கச்சனாவிளை, நாகர்கோவிலில் வாத்தியார்விளை என்று எங்கள் தென்கோடியில் ஊர்ப்பெயரிலும் விளை உண்டு. இங்கே விளை என்றால் மரம் வைத்த நிலம். தென்னை விளை, பனை விளை. கன்னியாகுமரிக்காரரிடம் போய் 'உங்கள் விளைவு என்ன' என்று கேட்டால் எத்தனை சென்ட் என்றுதான் பதில் வரும். (சும்மா சொன்னேன். அடிக்க வராதீர்கள்.)

23 பிப்ரவரி

தமிழாசிரியர் ஒருவர் 'முற்பகல் செய்யின் பிற்பகல் விளையும்' என்ற கொன்றைவேந்தன் வரியை எடுத்துப் போட்டு, விளைவின் கெட்ட வாடை ஔவையார் காலத்திலேயே இருக்கிறது என்கிறார். இல்லை ஐயா. அந்த வரியில் நல்லது, கெட்டது எதுவும் இல்லை. என்ன செய்தாய் என்றும் இல்லை, என்ன விளையும் என்றும் இல்லை. கெட்டதாகப் படிப்பது நாம்தான். குறளில் (319) 'பிறர்க்கின்னா முற்பகல் செய்யின்' என்று 'இன்னா'வைப் போட்டுத்தான் கெட்டதாக்க வேண்டியிருக்கிறது. அங்கே கூட 'தாமே வரும்' என்றுதான் முடிகிறது, விளையும் என்று இல்லை.

அவரே இன்னொன்றும் சொன்னார். 'முடிவும் இடையூறும் முற்றியாங்கு எய்தும் படுபயனும் பார்த்துச் செயல்' (676). இதில் படுபயன் என்பது படுதோல்வி, படுமோசம் போலக் கெட்ட பயன் என்று. பரிமேலழகர் அதைப் பெரும்பயன் என்றுதான் சொல்கிறார். ஒரு வேலையில் இறங்குமுன் எவ்வளவு உழைப்பு, என்ன தடை, முடிந்தால் கிடைப்பது எவ்வளவு என்று மூன்றையும் எடை போடச் சொல்கிற குறள் அது. கான்ட்ராக்டர்கள் டெண்டர் போடுமுன் செய்வது இதுதான். மிரட்டல் ஒன்றுமில்லை.

24 பிப்ரவரி

ஆனால் வினையின் கதை வேறு. செயலுக்கும் அதனால் வருவதற்கும் ஒரே பெயர். வினை விதைத்தவன் வினை அறுப்பான். விதைத்ததும் வினை, அறுத்ததும் வினை. விளையாட்டு வினையாகும். "சும்மா இருந்தவனைக் கூப்பிட்டு வினையை இழுத்து வச்சுக்கிட்டியே." பிள்ளையார் தீர்ப்பதும் வினை. இலக்கண வகுப்பில் ஓடினான், வந்தான் என்பதும் வினை. வேதியியல் புத்தகத்தில் ஒரு படி மேலே போய் வினைபடு பொருள், வினைவிளை பொருள் என்று இரண்டையும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்த கலைச்சொல் அது.

செய்வினையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழாம் வகுப்பில் 'செய்வினை, செயப்பாட்டுவினை விளக்குக' என்ற கேள்விக்குப் பக்கத்து பெஞ்சுக்காரன் எலுமிச்சம்பழம், தாயத்து என்று எழுதி வைத்தான். ஐயா அடிக்கவில்லை. சிரித்து முடிக்கவே அவருக்கு நேரம் போதவில்லை.

சூனியம் என்றதும் ஞாபகம் வருகிறது. நோட்டீஸில் 'தங்கள் செலவிலும் பொறுப்பிலும்' என்று வருமே, அதன் நாட்டுப்புற வடிவம்தான் 'சொந்தச் செலவில் சூனியம்'. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டதும் அதே பிரிவில்தான் வரும். எங்கள் ஆபீஸ் கேஸ் கட்டுகளில் பாதி ஓணான் கேஸ்.

28 பிப்ரவரி

இன்றைக்குத் தேசிய அறிவியல் நாள். ராமன் விளைவு அறிவிக்கப்பட்டது 1928-இல் இதே தேதியில். 1930-இல் நோபல். திருச்சி வாசகரே, உங்கள் ஊரில் பிறந்தவர்தான் சர் சி.வி. ராமன். அம்மாவிடம் சொல்லுங்கள், நல்ல விளைவும் இருக்கிறது, அதுவும் உள்ளூர்ச் சரக்கு என்று. டாப்ளர் விளைவு, ஒளிமின் விளைவு எல்லாம் சாதுவான விளைவுகள். 'பசுமை இல்ல விளைவு' மட்டும் சாதுவாகத் தொடங்கி இப்போது பத்திரிகை பாஷைக்குப் போய்விட்டது.

யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் குறிப்பு சுவையாக இருந்தது. அங்கே பரீட்சை முடிவை 'பெறுபேறு' என்கிறார்கள். எவ்வளவு கம்பீரம்! நம் ஊரில் 'ரிசல்ட் வந்துருச்சு' என்று முடித்துக்கொள்கிறோம். நாம் வேதிவினை என்பதை அவர்கள் தாக்கம் என்கிறார்கள். நியூட்டனின் மூன்றாம் விதிக்கு அவர்களிடம் தாக்கம், மறுதாக்கம். மிரட்டலுக்கு மட்டும் அங்கேயும் விளைவுதான். நம் 'கடும்' இருக்கும் இடத்தில் அவர்களுக்குப் 'பாரதூரமான'. பாரதூரமான விளைவுகள் என்று வாயால் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், நம் 'கடும்' எல்லாம் பிச்சை வாங்க வேண்டும். அடுத்த நோட்டீஸில் போடலாமா என்று வக்கீலிடம் கேட்டேன். முறைத்தார்.

2 மார்ச்

15-ஆம் தேதி எழுதியதை இன்று திரும்பப் படித்தேன். பேச்சில் பெயர் வைப்பதில்லை என்றேனே, அதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். மிரட்டும்போதும், அடுத்தவன் பட்டதைப் பேசும்போதும் பெயர் வைப்பதில்லை. தனக்கே நடந்தால் அப்படியில்லை, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எண்ணுவோம்.

போன டிசம்பர் மழை. 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. மறுநாள் பேப்பர்களில் எல்லாம் 'கனமழையின் விளைவாக இயல்பு வாழ்க்கை பாதிப்பு'. அதே மழைக்கு நிவாரண மனு எழுத ஆபீஸுக்கு வந்தவர்கள் சொன்னது: மிஷினு போச்சு, அரிசி மூட்டை போச்சு, ஆடு ரெண்டு போச்சு, பிள்ளை சர்டிபிகேட்டு நனைஞ்சு போச்சு, அளத்துல குவிச்சு வச்சிருந்த உப்பு போச்சு. ஒவ்வொரு 'போச்சு'க்கும் ஒரு நிறுத்தம். நான் அதையெல்லாம் கேட்டு 'வெள்ளத்தின் விளைவாக எனது வீட்டு உபயோகப் பொருட்கள் சேதமடைந்து' என்று ஒரே வரியில் சுருக்கப் பார்த்தேன். ஒரு அக்கா மனுவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஆட்டைக் காணுமே?" என்றார். சேர்த்தேன்.

இந்த 'விளைவாக' எனக்குப் பிடிக்காத பிரயோகம். 'மழையால்' என்றால் முடிந்தது. தமிழில் ஒற்றை 'ஆல்' செய்கிற வேலைக்கு நாலெழுத்துச் சொல்லை ஏன் கூலிக்குப் பிடிக்க வேண்டும்? மனுக்களில் இப்போது 'ஆல்'தான் போடுகிறேன். வரி குறைகிறது, ஆடு ஏற இடம் கிடைக்கிறது.

3 மார்ச்

பத்திரிகைக்காரர் ஒருவருக்குக் கோபம். 'விளைவாக' இல்லாமல் செய்தி எழுத முடியாதாம். 'சிகிச்சை பலனின்றி' இல்லாமல் மரணச் செய்தியும் எழுத முடியாது என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

5 மார்ச்

அடுக்குமாடிச் சங்கத்துச் செயலாளர் ஒருவர் கேட்டிருக்கிறார். வெளியாள்கள் உள்ளே வண்டியை நிறுத்திவிட்டுப் போகிறார்கள். 'மீறி நிறுத்தினால் கடும் விளைவுகளைச் சந்திக்க நேரிடும்' என்று பலகை வைத்தும் ஒருத்தரும் மதிக்கவில்லை. என்ன எழுதலாம்?

இத்தனை நாளாக, பெயர் சொல்லாத மிரட்டல்தான் பயமுறுத்தும் என்று சொல்லிக்கொண்டு வந்தவன் நான். ஆனால் அதற்கு மிரட்டுகிறவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். அம்மா "இருக்கு உனக்கு" என்றால் அம்மாவின் கை நமக்குத் தெரியும். வக்கீல் நோட்டீஸ் என்றால் பின்னால் கோர்ட் நிற்கிறது. உங்கள் பலகைக்குப் பின்னால் யார் நிற்கிறார், வாட்ச்மேன் தாத்தாவா? அவர் மத்தியானம் தூங்குவது வண்டிக்காரனுக்குத் தெரியும்.

ஆகவே உங்களுக்கு எதிர்வழிதான். சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, உங்கள் சங்க விதிகளில் இடமிருக்கிறதா என்று யாராவது வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, 'வெளியார் வண்டிக்குப் பூட்டு போடப்படும். திறக்க மாலை 6 மணிக்கு மேல் செயலாளரைப் பார்க்கவும்' என்று எழுதுங்கள். அபராதத் தொகை எதையும் போடாதீர்கள், போட்டால் பேரம் பேச வருவார்கள். '6 மணிக்கு மேல்' என்பதுதான் உறைக்கும்.

முதலில் பூட்டு வாங்கிவிட்டீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் ஒரு சங்கம் பலகையை மட்டும் வைத்துவிட்டுப் பூட்டு வாங்கும் செலவை யார் ஏற்பது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.